நூறு மணி நேரம் தாங்கும் தட்டு

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே ரொட்டியைக் கடிக்கிறாயா? போனில் பேசினால் ஐந்தாவது நிமிஷம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அதனால் வழக்கம்போலக் காகிதம்.

உன் அத்தானும் நலம் என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை. நாக்கின் ஓரத்தில் இருந்த கட்டியைப் போன வருஷம் கதிர்வீச்சு கொடுத்துக் கரைத்தார்கள் இல்லையா, அதே இடத்தில் மறுபடி வந்திருக்கிறது. அங்கேயே இன்னொரு தடவை கதிர்வீச்சு கொடுத்தால் தாடை எலும்பு தாங்காதாம். பாதி நாக்கை எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார், இருபது நாளில் முடிவு சொல்லுங்கள் என்கிறார் அறுவை மருத்துவர்.

இருபத்திரண்டு வருஷமாகப் பேருந்து நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும் மனுஷர். அவரிடம் போய்ப் பாதி நாக்கு என்றால்? டாக்டரிடமே கேட்டுவிட்டார்: "பாதி நாக்கை வச்சுக்கிட்டுப் பாதி பஸ்ஸுக்குத்தான் சார் சொல்ல முடியும். மிச்ச ஜனம் எங்க போகும்?" டாக்டர் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்துத் தொலைத்தேன். அப்புறம் வெளியே வந்து மருந்துக் கவுண்டர் வரிசையில் நின்றுகொண்டே அழுதேன்.

போன தடவை வந்தபோது நியூட்ரான் மெஷின் என்று ஏதோ விளக்கினாயே, நான் பாத்திரம் கழுவும் அவசரத்தில் சரியாகக் காதில் வாங்கவில்லை. அது நிஜமாகவே வருமா? எப்போது வரும்? மனசாட்சியைத் தொட்டுச் சொல். நீ வீட்டுக் கடிகாரத்தைக் கழற்றிப் போட்ட நாளிலிருந்து உனக்கு ஸ்பேனர் என்று பெயர் வைத்தவர், இப்போது "நம்ம ஸ்பேனர் இருக்கான், விடு" என்று என்னைத் தேற்றுகிறார். நமக்கு வேறு யார் இருக்கிறார்கள், நாம் மூன்று பேர்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியம். ரொட்டி விஷயம் உண்மைதான். அத்தானுக்கு வலி இருக்கிறதா, தூங்குகிறாரா, அதை எழுதவில்லையே நீ.

கவலையை விடு. இந்தத் தடவை பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேள். முதலில் போரான் கலந்த ஒரு மருந்தை அத்தானுக்கு நரம்பில் ஏற்றுவோம். புற்றுச் செல்லுக்குப் பேராசை. நல்ல செல்லைவிட இரண்டு மூன்று பங்கு அதிகமாக அதை இழுத்து வைத்துக்கொள்ளும். அப்புறம் அந்த இடத்துக்கு நியூட்ரான்களை அனுப்புவோம். நியூட்ரான் பட்டதும் போரான் இரண்டாக உடையும். உடைந்த துண்டு ஒரு செல்லின் அகலத்துக்குமேல் ஓடாது. மருந்தைப் பதுக்கி வைத்த செல் சாகும், பக்கத்துச் செல் தப்பிக்கும். முன்பெல்லாம் இதற்கு ஓர் அணு உலையே வேண்டும். நாங்கள் செய்வது ஆஸ்பத்திரியில் இரண்டு அறைக்குள் அடங்கிவிடும்.

புரோட்டான்களை வேகமாக ஓடவிட்டு, லித்தியம் பூசிய தாமிரத் தட்டு ஒன்றின்மேல் மோதவிடுகிறோம். மோதின இடத்திலிருந்து நியூட்ரான் கிளம்பும். அந்தத் தட்டு என் பொறுப்பு. சாப்பாட்டுத் தட்டு அளவுதான் இருக்கும். லித்தியம் சீக்கிரம் உருகுகிற சாதி, அதனால் முதுகுப்பக்கம் தண்ணீர் பாய்ந்துகொண்டே இருக்கிறது. தினம் நாலு மணி நேரம் ஓட்டுகிறோம், ஞாயிறு விடுமுறை. இப்போது மாட்டியிருப்பது மூன்றாவது தட்டு. ஒன்று நூறு மணி நேரம் தாங்கும்.

ஜூனில் முதல் நோயாளி. பட்டியலில் முதல் பெயராக அத்தானை எழுதிவிட்டேன். வெட்ட விடாதே, அக்கா. அவர் நாக்கு அவரிடமே இருக்கும், அதற்கு நான் பொறுப்பு.

உன் அன்புத் தம்பி


பிப்ரவரி 26

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் நலம்தான் இங்கே தினசரிப் பேச்சு. எங்கள் பஸ் பணிமனை ஸ்டோரில் வருஷாந்தரக் கையிருப்பு எடுத்துக்கொண்டிருந்தோம், போல்ட் நட்டு வரைக்கும் எண்ணி முடிக்க ஒரு மாதம் ஆகிவிட்டது. அதுதான் தாமதம்.

உன் கடிதம் என் வயிற்றில் பாலை வார்த்தது. கையோடு எடுத்துக்கொண்டு போய் அறுவை மருத்துவரிடம், வேண்டாம், காத்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டேன். "எனக்குத் தெரிஞ்சு அந்த மெஷின் இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கும்மா" என்றார். "செய்யறதே என் தம்பிதான் டாக்டர்" என்றேன். சொல்லும்போது எனக்கு எவ்வளவு திமிர் என்று நீ பார்த்திருக்க வேண்டும். அவர் கோப்பை மூடினார். ஆறு வாரத்துக்கு ஒரு முறை வந்து காட்டச் சொன்னார்.

ஒரு வாரமாக நீயும் அத்தானும் போனில் ஒரே குசுகுசுவாக இருக்கிறதே? போன் அடித்ததும் வாசலுக்குப் போய்விடுகிறார். என்ன பேசினீர்கள் என்று கேட்டால், "ஆம்பளைங்க பேச்சு, உனக்கெதுக்கு" என்கிறார். ஆனால் பேசிவிட்டு வந்தால் முகம் தெளிவாக இருக்கிறது. அக்காவோடு சண்டை போடுகிறவன் அத்தானோடாவது ஒழுங்காகப் பேசுகிறாயே, பேசு.

ஜூன் வர இன்னும் தொண்ணூற்று நாலு நாள். ஸ்டோர் நாள்காட்டியில் கிழித்துக்கொண்டு வருகிறேன்.

அக்கா


மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலமா? எனக்கு லேசான சளி, மற்றபடி குறையில்லை. பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குத் திட்டாதே. வேலை கழுத்தை நெரிக்கிறது.

இங்கே எல்லாம் நன்றாகத்தான் போகிறது. தண்ணீர்க் குழாய் ஒன்றை மாற்றினோம். நியூட்ரான் எவ்வளவு வருகிறது என்று பார்க்கத் தங்கத் தகட்டை நகம் அளவுக்கு வெட்டி எதிரில் வைப்போம். அதை வெட்டித் தருகிற பெண் கல்யாணத்துக்கு மிஞ்சுமா என்று தினமும் கேட்கிறாள். எங்கள் லேத் மாஸ்டர் வேறு என்னைக் கண்டாலே அலறுகிறார். "சார், நீங்க மெஷின் செய்யறீங்களா, ஹோட்டல் நடத்தறீங்களா? இது பதினொண்ணாவது தட்டு!" என்று நேற்றுக் கத்தினதில் பட்டறையே சிரித்தது.

ஜூனில் தொடங்கிவிடுவோம். மிஞ்சிப்போனால் ஜூலை. அத்தானை எடை குறையாமல் பார்த்துக்கொள்.

தம்பி


ஏப்ரல் 8

தம்பிக்கு,

நான் நலம். அத்தானுக்கு நேற்று ஸ்கேன் எடுத்தார்கள், கட்டி வளர்ந்திருக்கிறது. வலது காது வரைக்கும் வலி போகிறது.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். முதல் மூன்று தடவை லேத் மாஸ்டர் பேச்சுக்குச் சிரித்தேன். நாலாவது தடவை சிரிப்பு நின்றுவிட்டது.

நான் பதினெட்டு வருஷமாக ஸ்டோரில் உட்கார்ந்திருக்கிறேன். வண்டி ஓட்டுகிறவன் வண்டி ஜோராக ஓடுது என்பான். மெக்கானிக்கும் தலையாட்டுவான். ஆனால் அதே வண்டிக்கு மாதம் மூன்று கிளட்ச் பிளேட் கேட்டுச் சீட்டு வந்தால் எனக்குத் தெரியாதா? வாய் எதை வேண்டுமானாலும் சொல்லும், உதிரிபாகச் சீட்டு உள்ளதைத்தான் சொல்லும்.

ஜனவரி இருபதில் மூன்றாவது தட்டு என்றாய். மார்ச் இருபத்தெட்டில் பதினொன்று. ஞாயிறு போக ஐம்பத்தெட்டு நாள், நாளுக்கு நாலு மணி நேரம், ஆக மொத்தம் இருநூற்று முப்பத்திரண்டு மணி. அதற்கு எட்டுத் தட்டு போயிருக்கிறது. ஒரு தட்டு முப்பது மணிகூடத் தாங்கவில்லை. நூறு என்று எனக்கு எழுதினவன் யார்?

காதில் பூச் சுற்றாதே. மெஷின் ஜூனில் வருமா, வராதா? இந்த மாதக் கடைசிக்குள் முடிவு சொன்னால் இன்னும் அறுவைக்கு வழி இருக்கிறது என்கிறார் டாக்டர். வரும், வராது, இரண்டில் ஒரு சொல் போதும். உடனே எழுது.

அக்கா


மே 11

அக்கா,

நீ நலமா என்று கேட்கக்கூட எனக்குத் தகுதியில்லை. உன் கடிதம் மேஜைமேல் ஒரு மாதமாக இருந்தது. உன் போனையும் எடுக்கவில்லை. எழுத உட்காருவேன், எழுந்து போய்விடுவேன்.

ஜூனில் வராது. எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது.

நூறு மணி என்பது கணக்குப் போட்டு வந்தது. உனக்கு அதை எழுதும்போது ஒரு தட்டைக்கூட நாங்கள் முழுசாக ஓட்டிப் பார்த்திருக்கவில்லை. புரோட்டான் லித்தியத்தைத் தாண்டிப் போய்த் தாமிரத்துக்குள் தங்கிவிடுகிறது. தங்கினது ஹைட்ரஜன் வாயுவாகச் சேர்ந்து, சூடுபட்ட தோல் மாதிரி தாமிரம் கொப்புளிக்கிறது. அதோடு லித்தியமும் உரிந்துவிடும். இருபத்தைந்து மணிக்குள் நியூட்ரான் பாதியாகிவிடுகிறது. பிப்ரவரி பதினேழாம் தேதி ஒப்புதல் குழு கூடி, ஒரு தட்டு நூறு மணி தாங்கிக் காட்டும்வரை மனுஷர் யாரையும் இதன் முன்னால் படுக்க வைக்கக் கூடாது, எப்படியும் ஒரு வருஷத்துக்குமேல் ஆகும் என்று சொல்லிவிட்டது.

இதையும் மறைக்க மாட்டேன். மறுநாளே அத்தானுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவிடம் சொல்லி ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்யுங்கள் என்றுகூடச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. "ஸ்பேனரு, உங்க அக்காகிட்ட மூச்சு விடாதே. தெரிஞ்சா என்னைத் தரதரன்னு இழுத்துட்டுப் போய்ப் படுக்க வச்சிடுவா. இருக்கிற வரைக்கும் பேசிட்டுப் போறேனே" என்றார். தினமும் என்னைக் கூப்பிடச் சொல்லி, சொல்லிவிடவில்லையே என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். எனக்கும் அது வசதியாகப் போய்விட்டது. அதுதான் நிஜம்.

என்னைத் திட்டு, அக்கா. திட்டியாவது எழுது.

தம்பி


மே 20

தம்பிக்கு,

திட்டக் கேட்டாய், வாங்கிக்கொள். நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாய். அதை ஒற்றை ஆளாகவும் செய்யவில்லை. என் வீட்டுக்குள்ளேயே, நான் சாப்பாடு போடுகிற ஆளையே பிடித்துச் செய்திருக்கிறாய். அவர் வாசலில் நின்று உன்னோடு பேசும்போது, உள்ளே நான் தம்பி பாசத்தை நினைத்துப் பூரித்துக்கொண்டு அவருக்கு வெந்நீர் வைத்தேன். நல்ல ஏமாளி உங்களுக்குக் கிடைத்தேன்.

உன் கடிதத்தை அவர் முன்னால் மேஜையில் போட்டேன். படித்தார். "நாக்கு போயிட்டா நான் யாருடி?" என்றார். "என் புருஷன்" என்றேன். கடிதத்தை மடித்து என் பக்கம் தள்ளினார். அவருக்குத் தன் நாக்கை வைத்துக்கொள்ள உரிமை உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என்னிடம் சொல்லிவிட்டு வைத்துக்கொண்டிருக்கலாமே. நான் என்ன, வழியில் போகிற யாரோவா?

பிப்ரவரி பதினேழில் நீ வாயைத் திறந்திருந்தால் மூன்று வாரம்தான் தாமதம், பாதி நாக்கோடு போயிருக்கும். இப்போது முழு நாக்கும், தாடையில் ஒரு பக்கமும், கழுத்து நிணநீர் முடிச்சுகளும் போகின்றன. இருபத்து மூன்றாம் தேதி காலை ஏழு மணிக்கு அறுவை. அவரே கையெழுத்துப் போட்டுவிட்டார். நான் இழுக்கவில்லை.

போன் பண்ணாதே, எண்ணை மாற்றிவிட்டேன். நான் கூப்பிடும்வரை இங்கே வராதே. உன் முகத்தைப் பார்த்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

அக்கா


ஆகஸ்ட் 14

தம்பிக்கு,

நலம் விசாரித்து நீ எழுதின மூன்று கடிதமும் வந்தன. மூன்றுக்கும் சேர்த்து இது பதில்.

அறுவை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். சாப்பாடெல்லாம் மூக்கில் போட்ட குழாய் வழியாகத்தான். ஸ்டோரிலிருந்து கழித்துப் போட்ட பழைய சீட்டுக் கட்டு கொண்டுவந்து கொடுத்தேன், பின்பக்கத்தில் எழுதி எழுதிப் பேசுகிறார். பேசும்போது இருந்த வாய்க்கொழுப்பு எழுத்திலும் குறையவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து உருகி உருகி ஆறுதல் சொன்னபோது, "இவரை முதலில் அனுப்பு, நாக்கு இருந்து என்ன புண்ணியம்" என்று எழுதி என்னிடம் நீட்டினார். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் ஒரு தையல்காரம்மா, இவருக்கு இருந்த அதே நோய். அந்தம்மாவையும் சீட்டு எழுதியே சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் கழுத்தின் இடது பக்கம் ஒரு முடிச்சு தட்டுப்பட்டது. பரிசோதனை முடிவும் வந்துவிட்டது, அதுவும் அதே சனியன்தான். இனிமேல் கத்தி வைக்க இடமில்லையாம். மருந்து ஏற்றுகிறார்கள்.

ஆகவே உன் மெஷின் இன்னும் எங்களுக்கு வேண்டும். வேண்டியிருக்கிறதே என்றுதான் எனக்கு எரிச்சல். உன் மன்னிப்பை எடுத்து அப்பால் வை, அதற்கு எனக்கு நேரமில்லை. ஜூன், ஜூலை என்று மாதம் பெயர் சொல்லாதே. ஒரு தட்டு எத்தனை மணி தாங்கினதோ அந்த எண்ணை மட்டும் எழுது.

அக்கா


நவம்பர் 13

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா? அத்தான் எப்படி இருக்கிறார்? முடிச்சு குறைந்ததா?

எண் கேட்டாய். அறுபத்திரண்டு.

இது பதினாறாவது தட்டு. தாமிரத்துக்கும் லித்தியத்துக்கும் நடுவில் பல்லேடியம் என்று ஓர் உலோகத்தை மெல்லிசாக வைத்தோம். உள்ளே வருகிற ஹைட்ரஜனை அது ஒரே இடத்தில் குவிய விடாமல் பரப்பிவிடுகிறது. கொப்புளம் வந்தது, ஆனால் ஓரத்தில் மட்டும்தான். அறுபத்திரண்டு மணியை மூன்று பேர் தனித்தனியாக எண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நான் எண்ணவில்லை, என்னை நானே நம்புவதில்லை.

தினமும் காலையில் உள்ளே போகும்போது அத்தானுக்காக என்று சொல்லிக்கொண்டுதான் போகிறேன். அவரிடம் சொல்.

தம்பி


நவம்பர் 24

தம்பிக்கு,

நலம். கடிதம் கிடைத்தது. அறுபத்திரண்டு போதாது, மேலே செய். நடுவில் எங்கும் கிளம்பாதே.

அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கோபமாக இருக்கிறாய் என்று தெரியும். இருந்தாலும் இதைப் படி.

நூற்று நான்கு. பத்தொன்பதாவது தட்டு. கொப்புளமே இல்லை, அக்கா! குழு வந்து தட்டைக் கழற்றிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தது. நேற்று ஒப்புதல் வந்துவிட்டது. லேத் மாஸ்டர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு "ஹோட்டலை மூடிட்டோம் சார்" என்று அழுதுவிட்டார்.

ஏப்ரல் ஆறாம் தேதி முதல் நோயாளி. கழுத்து முடிச்சுகளுக்கும் கொடுக்கலாம் என்று குழுவே எழுதியிருக்கிறது. பட்டியலில் முதல் பெயர் இன்னும் அத்தான்தான், ஒரு நாள்கூட அதை அடிக்க நான் விட்டதில்லை. அவருடைய எடையும் கடைசி ஸ்கேனும் வேண்டும், அவர் கையெழுத்தும் வேண்டும். படிவம் இந்த உறைக்குள் இருக்கிறது. வண்டி அனுப்பச் சொல்கிறேன். நீயும் கூட வா.

இப்போதாவது என்னை மன்னித்துவிட்டாயா?

உன் தம்பி


மார்ச் 11

தம்பிக்கு,

நான் நலம். நீ எங்கேயாவது உட்கார்ந்துகொண்டு படி.

உன் அத்தான் நவம்பர் ஒன்பதாம் தேதி காலை ஆறரை மணிக்குப் போய்விட்டார். கழுத்தில் ரத்தக் குழாய் உடைந்துவிட்டது. பத்து நிமிஷம்கூட இல்லை. உன் அறுபத்திரண்டு வந்து சேர்ந்தபோது அவர் போய் ஒன்பது நாள்.

மச்சான் என்று நீ நிற்க வேண்டிய இடத்தில் பணிமனை மெக்கானிக் நின்றார். உனக்குச் சொல்லவில்லை. முதலில் கோபத்தில்தான் சொல்லவில்லை, அதை மறைக்க மாட்டேன். உன் கடிதம் வந்த அன்று சொல்லிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். அத்தானுக்காக என்று தினமும் சொல்லிக்கொண்டு உள்ளே போகிறேன் என்று எழுதியிருந்தாய். அத்தானே இல்லை என்று தெரிந்தால் நீ உள்ளே போவாயா? தட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து என் வாசலில் உட்கார்ந்து அழுவாய், அறுபத்திரண்டிலேயே எல்லாம் நின்றுபோகும். அதனால் அவர் இருக்கிறார் என்றே நினைத்துக்கொண்டிரு என்று விட்டுவிட்டேன். நான்கு மாதம்.

எவ்வளவு சுலபம் என்று செய்யும்போதுதான் தெரிந்தது. ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை, எழுதாமல் இருந்தால் போதும். நீங்கள் இரண்டு பேரும் எனக்குச் செய்ததை நான் உனக்குச் செய்துவிட்டேன். நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

உன் படிவத்தைக் கிழிக்கவில்லை. அந்தத் தையல்காரம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அவளுக்கும் அதே இடத்தில் மறுபடி வந்திருக்கிறது. டாக்டர் அவளுடைய ஸ்கேனை உனக்கு நேரடியாக அனுப்புகிறார். அத்தான் பெயரை இப்போது அடி. உன் கையாலேயே அடி. அடித்துவிட்டு அவள் பெயரை எழுது. உனக்கு என்ன தெரியுமோ அதை அவளிடம் சொல். தெரியாததைத் தெரியாது என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல். அவள் வீட்டு ஆட்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்.

மன்னித்துவிட்டாயா என்று கேட்டிருக்கிறாய். இல்லை. அவரையும் இன்னும் மன்னிக்கவில்லை. செத்துப்போன மனுஷரோடு தினமும் காலையில் வாய்ச்சண்டை போட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன், ஒரு பதிலும் வருவதில்லை. நீயாவது பதில் சொல்ல உயிரோடு இருக்கிறாய். அந்தம்மாவுக்குச் செய்து முடித்துவிட்டு வா. அதற்கு முன்னால் வந்து நின்றால் கதவைத் திறக்க மாட்டேன்.

அக்கா